தொழிலிடைக் கல்வி

தொழிலிடைக் கல்வி என்பது மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், சமூகப் பணி முதலிய நலத்துறைத் தொழில்களுள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றைச் சேர்ந்த மாணவர்களோ பணியாளர்களோ சேர்ந்து கற்கும் கல்விமுறை ஆகும். இக்கல்வியில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் கற்கின்றனர். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கின்றனர். ஒருவர் மற்றவரின் தொழிலைப் பற்றியும் கற்கின்றனர். பிற்காலத்தில் ஒரே குழுவில் இணைந்து பணியாற்றவும், அதன்வழி நோயாளர்களுக்குக் கிடைக்கும் கவனிப்பை மேம்படுத்தவும் அவர்களை ஆயத்தப்படுத்துவதே இதன் நோக்கம். ஏதேனும் ஒரு கைத்தொழிலைப் பயிற்றுவிக்கும் தொழிற்கல்வி இதிலிருந்து வேறானது.

இக்காலத்தில் ஒரு நோயாளரைக் கவனிப்பதில் பல தொழில்களைச் சேர்ந்தோர் பங்கேற்கின்றனர். எடுத்துக்காட்டாக, பக்கவாதத்தால் தாக்குண்ட ஒருவருக்கு மருத்துவர், செவிலியர், கைகால் இயக்கத்தை மீட்க உதவும் இயன்முறை மருத்துவர், உணவை விழுங்க முடிகின்றதா எனச் சோதிக்கும் பேச்சுச் சிகிச்சையாளர், உணவியலாளர், மருந்தாளுநர், வீடு திரும்புவதற்கு ஏற்பாடு செய்யும் சமூகப் பணியாளர் ஆகியோர் தேவைப்படலாம். ஆனால் இவர்கள் பெரும்பாலும் வெவ்வேறு கல்லூரிகளில், வெவ்வேறு பாடத்திட்டங்களின்படி, ஒருவரையொருவர் அறியாமலேயே பயில்கின்றனர். பணியில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இவர்கள் ஒரு குழுவாக இயங்க வேண்டும் என எதிர்பார்க்கப்படுகின்றது. குழுவாகப் பணியாற்றுதல் தானே வந்துவிடும் இயல்பு அன்று, பயிற்சியால் பெற வேண்டிய திறன் என்பதே தொழிலிடைக் கல்வியின் அடிப்படைக் கருத்து ஆகும்.

வரைவிலக்கணமும் சொல்லாட்சியும்

இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட வரைவிலக்கணம், ஐக்கிய இராச்சியத்தில் 1987 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தொழிலிடைக் கல்வி முன்னேற்ற நடுவத்தினால் உருவாக்கப்பட்டது. உலக சுகாதார அமைப்பு 2010 இல் வெளியிட்ட செயற்சட்டகம் ஏறத்தாழ அதே வரைவிலக்கணத்தைப் பயன்படுத்துகின்றது. ஒருவரோடு, ஒருவரிடமிருந்து, ஒருவரைப் பற்றி என்னும் மூன்று கூறுகளும் சேர்ந்திருப்பதே இவ்வரைவிலக்கணங்களின் சிறப்பாகும்.

இதனால் தொழிலிடைக் கல்வி பல்தொழில் கல்வியிலிருந்து வேறுபடுகின்றது. மருத்துவ மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து உடற்கூற்றியல் விரிவுரையைக் கேட்பது பல்தொழில் கல்வி ஆகும். அங்கு அவர்கள் சேர்ந்து கற்கின்றனரே தவிர, ஒருவரிடமிருந்து மற்றவர் எதையும் கற்பதில்லை. அதே மாணவர்கள் ஒரு நோயாளரைச் சேர்ந்து சந்தித்து, தத்தம் தொழிலின் பார்வையில் அவரது தேவைகளை எடுத்துரைத்து, பொதுவான கவனிப்புத் திட்டம் ஒன்றை வகுத்தால் அது தொழிலிடைக் கல்வி ஆகும்.

துறையிடைக் குழு என்னும் தொடரும் வழக்கில் உள்ளது. துறை என்பது அறிவின் ஒரு கிளை. தொழில் என்பது தனக்கெனப் பயிற்சியும், பதிவும், ஒழுக்க நெறியும் கொண்ட ஓர் அமைப்பு. இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் வேறு துறையினர், ஆனால் ஒரே தொழிலினர். மருத்துவரும் செவிலியரும் வேறு தொழிலினர். எனினும் நடைமுறையில் இவ்விரு சொற்களும் ஒரே பொருளில் ஆளப்படுவதுண்டு.

தேவை

நலத்துறைக் குழுக்களில் ஏற்படும் தவறுகள் பல அறிவுக் குறைவினால் ஏற்படுபவை அல்ல. தேவையான தகவல் குழுவில் யாரோ ஒருவரிடம் இருக்கின்றது. ஆனால் அது சொல்லப்படுவதில்லை, அல்லது சொல்லப்பட்டும் கேட்கப்படுவதில்லை. இதனைக் காட்டும் நிகழ்வுகள் பல ஆவணப்படுத்தப்பட்டுள்ளன.

அமெரிக்க உளநல மருத்துவர் லெனார்டு ஸ்டெய்ன் 1967 இல் எழுதிய கட்டுரை ஒன்றில் மருத்துவர்-செவிலியர் ஆட்டம் என்னும் கருத்தை முன்வைத்தார். இவ்வாட்டத்தின் விதிப்படி, நோயாளருக்கு என்ன தேவை என்பதைச் செவிலியர் அறிந்திருந்தாலும் அதை நேரடியாகப் பரிந்துரைக்கக் கூடாது. மருத்துவர் தாமாகவே கண்டறிந்தது போலத் தோன்றும் வகையில் மறைமுகமாக உணர்த்த வேண்டும். மருத்துவரும் பரிந்துரை கேட்பதாகத் தோன்றாமல் கேட்க வேண்டும். வெளிப்படையான கருத்து வேறுபாட்டைத் தவிர்ப்பதே இருவரின் இலக்காக இருந்தது. ஸ்டெய்ன் 1990 இல் வேறு இருவருடன் சேர்ந்து இக்கருத்தை மீளாய்வு செய்து, செவிலியர்கள் இவ்வாட்டத்திலிருந்து விலகத் தொடங்கிவிட்டனர் என எழுதினார்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் அரச மருத்துவமனையில் குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட இதய அறுவைகள் குறித்து இயன் கென்னடி தலைமையில் விசாரணை நடைபெற்றது. இதன் அறிக்கை 2001 இல் வெளியானது. 1991 முதல் 1995 வரையான காலத்தில் அங்கு ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கையைவிட 30 முதல் 35 பேர் வரை கூடுதலாக இறந்தனர் என அறிக்கை மதிப்பிட்டது. அங்குப் பணியாற்றிய மயக்க மருத்துவர் ஸ்டீபன் பொல்சின் பல ஆண்டுகளாகத் தம் கவலையைத் தெரிவித்து வந்திருந்தார். பல தொழில்களைச் சேர்ந்தோர் சேர்ந்து கற்பதற்கும் பயிற்சி பெறுவதற்கும் கூடுதல் வாய்ப்புகள் வேண்டும் என்பது அறிக்கையின் பரிந்துரைகளுள் ஒன்று.

விக்டோரியா கிளிம்பியே என்னும் எட்டு வயதுச் சிறுமி 2000 ஆம் ஆண்டு இலண்டனில் கொடுமைக்குள்ளாகி இறந்தாள். அவளைச் சமூக சேவைத் துறையினர், காவல்துறையினர், மருத்துவமனைப் பணியாளர்கள் எனப் பலரும் அதற்கு முன்னரே கண்டிருந்தனர். லார்டு லேமிங் 2003 இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 வாய்ப்புகளேனும் தவறவிடப்பட்டதாகக் கூறியது.

2005 இல் இங்கிலாந்தில், மூக்கு சார்ந்த சிறு அறுவை ஒன்றுக்காக மயக்க மருந்து பெற்ற பெண் ஒருவருக்கு மூச்சுக்குழாயைச் செலுத்த முடியாமற் போனது. அனுபவம் மிக்க மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் முயன்றனர். செவிலியர் ஒருவர் கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைப்பதற்கான கருவிகளைக் கொண்டுவந்து, அவை ஆயத்தமாக உள்ளன எனத் தெரிவித்தார். மற்றொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். இவை எவையும் மருத்துவர்களின் கவனத்தைப் பெறவில்லை. நெடுநேரம் ஒட்சிசன் கிடைக்காததால் மூளை பாதிக்கப்பட்டு, சில நாட்களின் பின் அப்பெண் இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. அவர் 2007 இல் மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராயும் குழு ஒன்றை நிறுவினார்.

விமானத் துறை இத்தகைய பாடத்தை முன்னரே கற்றிருந்தது. 1977 இல் தெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். எதிரில் இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு அகன்றுவிட்டதா என்று விமானப் பொறியாளர் எழுப்பிய ஐயத்தைத் தலைமை விமானி பொருட்படுத்தவில்லை. இதுபோன்ற விபத்துகளை ஆராய்ந்து நாசா 1979 இல் பயிலரங்கு ஒன்றை நடத்தியது. இதிலிருந்து விமானக் குழுவினருக்கான குழுப் பயிற்சி வளர்ந்தது. பின்னர் மருத்துவத் துறை இப்பயிற்சியிலிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டது.

வரலாறு

நலத்துறை மாணவர்களைச் சேர்த்துக் கற்பிக்கும் எண்ணம் 1960களில் வலுப்பெற்றது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பீடத் தலைவராக இருந்த ஜான் மெக்கிரியரி இதனை முன்னெடுத்தோருள் ஒருவர். ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 1972 இல் நலக்குழுவுக்கான கல்வி என்னும் பொருளில் மாநாடு ஒன்றை நடத்தி அறிக்கை வெளியிட்டது.

சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 1986 இல் தொடங்கப்பட்ட நல அறிவியல் பீடம், வெவ்வேறு தொழில்களைப் பயிலும் மாணவர்களுக்குப் பொதுவான பாடப்பகுதிகளைக் கொண்ட பாடத்திட்டத்துடன் அமைந்தது. இதன் தொடர்ச்சியாக 1996 இல் அங்கு மாணவர் பயிற்சிக்கூடம் நிறுவப்பட்டது. உலக சுகாதார அமைப்பு 1988 இல் சேர்ந்து பணியாற்றுவதற்காகச் சேர்ந்து கற்றல் என்னும் கருத்தை வலியுறுத்தும் அறிக்கையை வெளியிட்டது. இத்துறைக்கான முதன்மை ஆய்விதழ் 1992 முதல் இப்போதைய பெயரில் வெளிவருகின்றது.

அமெரிக்க மருத்துவக் கழகம் 1999 இல் வெளியிட்ட அறிக்கை, தவிர்க்கக்கூடிய மருத்துவப் பிழைகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டு, பெரும் விவாதத்தைத் தோற்றுவித்தது. அதைத் தொடர்ந்து 2003 இல் அக்கழகம் வெளியிட்ட மற்றோர் அறிக்கை, எல்லா நலத்துறையினரும் பெற வேண்டிய ஐந்து அடிப்படைத் திறன்களுள் ஒன்றாகத் துறையிடைக் குழுவில் பணியாற்றுதலைக் குறிப்பிட்டது. நோயாளரை மையப்படுத்திய கவனிப்பு, சான்றுகளின் அடிப்படையிலான செயற்பாடு, தர மேம்பாடு, தகவலியல் ஆகியவை ஏனைய நான்கு.

2010 இல் உலக சுகாதார அமைப்பின் செயற்சட்டகம் வெளியானது. அதே ஆண்டில் ஹூலியோ ஃபிரெங்க், லிங்கன் சென் ஆகியோர் தலைமையிலான லான்செட் ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. ஒவ்வொரு தொழிலும் தன்னைத் தனிக் குலமாகக் கருதி ஒதுங்கியும் போட்டியிட்டும் இயங்குவதை இவ்வாணையம் கல்வியின் குறைபாடுகளுள் ஒன்றாகச் சுட்டிக்காட்டியது.

கற்றல் இலக்குகள்

ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவம், செவிலியம், பல் மருத்துவம், மருந்தியல், பொதுச் சுகாதாரம் முதலிய கல்வித்துறைகளின் ஆறு தேசியச் சங்கங்கள் 2009 இல் கூட்டமைப்பாக இணைந்தன. இக்கூட்டமைப்பு 2011 இல் நான்கு திறன் பகுதிகளை வரையறுத்தது:

* விழுமியங்களும் ஒழுக்க நெறியும்: பிற தொழிலினரை மதித்தல், நோயாளரின் நலனைப் பொது இலக்காகக் கொள்ளல்.
* பங்குகளும் பொறுப்புகளும்: தன் தொழிலின் எல்லையையும் பிற தொழில்களின் ஆற்றலையும் அறிதல்.
* தொடர்பாடல்: தெளிவாகச் சொல்லுதல், கவனித்துக் கேட்டல், ஐயத்தை வெளிப்படையாக எழுப்புதல்.
* குழுவும் குழுப்பணியும்: கூட்டாக முடிவெடுத்தல், சூழலுக்கேற்பத் தலைமையைப் பகிர்தல்.

இத்தொகுப்பு 2016 இலும் 2023 இலும் திருத்தப்பட்டது. கனடாவில் 2010 இல் வெளியான தேசியச் சட்டகம் ஆறு பகுதிகளைக் கொண்டிருந்தது. தொழில்களிடையே ஏற்படும் பிணக்குகளைத் தீர்த்தலை அது தனித் திறனாகச் சேர்த்திருந்தது. கருத்து வேறுபாடு குழுவின் தோல்வி அன்று, முறையாகக் கையாளப்பட வேண்டிய ஒன்று என்னும் பார்வை இதில் வெளிப்படுகின்றது.

கோட்பாட்டு அடிப்படை

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954 இல் முன்வைத்த தொடர்புக் கருதுகோள் இக்கல்வியில் பெரிதும் எடுத்தாளப்படுகின்றது. இரு குழுவினர் வெறுமனே ஓரிடத்தில் கூடுவதால் மட்டும் முற்சாய்வுகள் நீங்கிவிடுவதில்லை. சமமான தகுநிலை, பொது இலக்கு, ஒத்துழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகிய நான்கும் தேவை என்பது இக்கருதுகோள். மருத்துவ மாணவர்கள் பேச, ஏனையோர் கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்பு முற்சாய்வுகளை உறுதிப்படுத்திவிடவும் கூடும். எனவே குழு அமைப்பு, செயற்பணி, வழிநடத்துநர் ஆகியவற்றைக் கவனத்துடன் தேர்ந்தெடுப்பது இன்றியமையாதது.

கற்பிக்கும் முறைகள்

மாணவர் பயிற்சிக்கூடம்

லிங்ஷோப்பிங்கில் தொடங்கப்பட்ட இம்முறையில், மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவில் ஒரு கூடம் மாணவர்களின் பொறுப்பில் விடப்பட்டது. மருத்துவம், செவிலியம், இயன்முறை மருத்துவம், தொழில்வழிச் சிகிச்சை ஆகியவற்றின் இறுதிக் கட்ட மாணவர்கள் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஒரே குழுவாக உண்மையான நோயாளர்களைக் கவனிக்கின்றனர். ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய மேற்பார்வையாளர் உடன் இருப்பார். இடுப்பெலும்பு அறுவை முடிந்த ஒருவர் எப்போது எழுந்து நடக்கலாம், எப்போது வீடு திரும்பலாம் என்பன போன்ற முடிவுகளைக் குழு கூடிப் பேசி எடுக்கின்றது. இம்முறை பின்னர் வேறு பல நாடுகளிலும் பின்பற்றப்பட்டது.

சமூகத்தில் கற்றல்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1990களின் நடுப்பகுதியில் உருவான முறையில், வறுமை மிகுந்த குடியிருப்புப் பகுதிகளில் வாழும் நோயாளர்களை மாணவர்கள் கலப்புக் குழுக்களாக அவர்களது இல்லங்களிலேயே சந்திக்கின்றனர். அதன்பின் அந்நோயாளருக்கு உதவும் பல்வேறு அமைப்புகளின் பணியாளர்களைச் சந்தித்து, கவனிப்பில் உள்ள இடைவெளிகளைக் கண்டறிந்து கூறுகின்றனர்.

ஒப்புருவாக்கப் பயிற்சி

நெருக்கடி நிலைகளைப் பொம்மை நோயாளரையோ நடிகரையோ கொண்டு உருவாக்கிப் பயிற்சி அளிக்கப்படுகின்றது. பயிற்சி முடிந்தபின் நடைபெறும் மீள்பார்வை உரையாடலே இதன் முதன்மையான பகுதி. யார் எதைக் கவனித்தார், அதை ஏன் சொல்லவில்லை என்பது அங்கு ஆராயப்படும்.

தொடர்பாடல் கருவிகள்

தகவலைத் தெரிவிப்பதற்கான நான்கு படி முறை அமெரிக்கக் கடற்படையில் தோன்றி, கைசர் பெர்மனென்டே என்னும் அமெரிக்க நலச்சேவை நிறுவனத்தால் மருத்துவத்துக்கு ஏற்றதாக மாற்றப்பட்டது. இரவுப் பணியில் உள்ள செவிலியர் ஒருவர் மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்கும்போது இதனைப் பின்வருமாறு பயன்படுத்தலாம்:

* நிலைமை: நோயாளருக்கு மூச்சுத் திணறல் கூடியுள்ளது.
* பின்னணி: நேற்று வயிற்றில் அறுவை செய்யப்பட்டது.
* மதிப்பீடு: நுரையீரலில் குருதிக்கட்டி அடைத்திருக்கலாம் என ஐயுறுகின்றேன்.
* பரிந்துரை: நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்.

நான்காவது படி குறிப்பிடத்தக்கது. ஸ்டெய்ன் விவரித்த ஆட்டத்தில் செவிலியருக்கு மறுக்கப்பட்டிருந்த நேரடிப் பரிந்துரையை இம்முறை ஒரு கடமையாக்குகின்றது.

ஐக்கிய அமெரிக்க அரசின் நல ஆய்வு முகமையும் பாதுகாப்புத் துறையும் இணைந்து 2006 இல் வெளியிட்ட குழுப் பயிற்சித் திட்டமும் இத்தகையது. முதல் முறை எழுப்பிய ஐயம் கேட்கப்படாவிட்டால் இரண்டாம் முறையும் எழுப்ப வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. உலக சுகாதார அமைப்பு 2008 இல் அறிமுகப்படுத்திய அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், அறுவை தொடங்குமுன் குழுவினர் அனைவரும் தம் பெயரையும் பங்கையும் கூறி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். புது தில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வில், இப்பட்டியலைப் பயன்படுத்திய பின் அறுவை நோயாளர்களின் இறப்பு வீதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகவும், சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகவும் குறைந்தன.

மதிப்பீடும் சான்றுகளும்

தொழிலிடைக் கல்வியின் விளைவுகளை மதிப்பிட, டொனால்ட் கிர்க்பாட்ரிக் உருவாக்கிய நான்கு நிலை மாதிரியைப் பிரித்தானிய அறிஞர் ஹியூ பார் முதலானோர் விரிவாக்கிப் பயன்படுத்தினர். கற்போரின் மனநிறைவு, மனப்பாங்கு மாற்றம், அறிவும் திறனும், பணியில் நடத்தை மாற்றம், நிறுவன மாற்றம், நோயாளருக்குக் கிடைத்த பயன் என்பன இதன் நிலைகள். முதல் மூன்று நிலைகளை அளப்பது எளிது. கடைசி நிலையை அளப்பது கடினம். மாணவர்கள் படித்து முடித்துப் பல ஆண்டுகளின் பின் கவனிக்கும் நோயாளர்களின் நலத்தை ஒரு பாடத்தின் விளைவாகக் காட்டுவது எளிதன்று.

கொக்ரேன் கூட்டமைப்பின் தொடக்க மீளாய்வில், அதன் கடுமையான அளவுகோல்களுக்கு உட்பட்ட ஓர் ஆய்வுகூடக் கிடைக்கவில்லை. 2008 இல் வெளியான மீளாய்வில் ஆறு ஆய்வுகளும், ஸ்காட் ரீவ்ஸ் முதலானோர் 2013 இல் வெளியிட்ட மீளாய்வில் பதினைந்து ஆய்வுகளும் இடம்பெற்றன. அப்பதினைந்தில் ஏழு நற்பயனைக் காட்டின. நான்கு கலவையான முடிவுகளைத் தந்தன. நான்கில் எவ்வித விளைவும் காணப்படவில்லை. நற்பயன் காணப்பட்டவற்றுள் நீரிழிவுக் கவனிப்பு, அவசர சிகிச்சைப் பிரிவில் பிழைகள் குறைதல், அறுவை அரங்கில் குழு நடத்தை ஆகியவை அடங்கும். ஆய்வுகள் ஒன்றிலிருந்து ஒன்று பெரிதும் வேறுபட்டதால் பொதுவான முடிவுக்கு வர இயலாது என மீளாய்வு கூறியது. இவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை ஏற்கெனவே பணியில் உள்ளோரிடையே நடத்தப்பட்டவை என்பதும் கருத்திற் கொள்ளத்தக்கது.

தடைகளும் விமர்சனங்களும்

நடைமுறைத் தடைகளுள் முதன்மையானது கால அட்டவணை ஆகும். வெவ்வேறு கல்லூரிகளின் பாட வேளைகள், தேர்வுகள், விடுமுறைகள் ஆகியவை ஒத்துப்போவதில்லை. மாணவர் எண்ணிக்கையும் சமமாக அமைவதில்லை. தேர்வில் மதிப்பெண் இல்லாத பாடத்தை மாணவர்கள் பொருட்படுத்துவதில்லை. கற்பிப்போரில் பலர் தாமே இத்தகைய கல்வியைப் பெறாதவர்கள்.

எப்போது தொடங்க வேண்டும் என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. முற்சாய்வுகள் இறுகுமுன் முதலாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும் என்பது ஒரு சாரார் கருத்து. தன் தொழிலைப் பற்றிய தெளிவு ஏற்படாத மாணவரால் பிறருக்கு எதையும் கற்பிக்க இயலாது என்பது மற்றொரு சாரார் கருத்து. பல நிறுவனங்கள் தொடக்கத்தில் சிறிதும் இறுதியில் மிகுதியுமாக இரு நிலைகளிலும் கற்பிக்கின்றன.

சமூகவியல் நோக்கிலான விமர்சனம் இன்னும் ஆழமானது. தொழில்களுக்கிடையேயான ஏற்றத்தாழ்வு ஊதியம், பாலினம், சட்ட அதிகாரம் ஆகியவற்றில் வேரூன்றியது. மனப்பாங்கை மட்டும் மாற்ற முயலும் கல்வி இவற்றைத் தொடுவதில்லை என விமர்சகர்கள் கூறுகின்றனர். வகுப்பறையில் சமமாகப் பேசப் பழகிய மாணவர், மருத்துவமனையில் மூத்தோரின் நடத்தையைக் கண்டு அதனையே பின்பற்றத் தொடங்கலாம். எனவே மாணவர்களுக்குக் கற்பிப்பதோடு, அவர்கள் பணிக்குச் செல்லும் இடங்களின் நடைமுறைகளும் மாற வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

இந்தியாவில்

இந்தியாவில் நலத்துறைத் தொழில்களின் கல்வி தனித்தனிச் சட்டங்களின் கீழ் வளர்ந்தது. செவிலியத்துக்கு 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியும், மருந்தியலுக்கு 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியும் தேசிய மன்றங்கள் அமைக்கப்பட்டன. இயன்முறை மருத்துவம் முதலிய தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021 இல் இயற்றப்பட்டது. 2019 இல் மருத்துவப் பட்டப்படிப்புக்கு நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டம், இந்திய மருத்துவப் பட்டதாரியின் ஐந்து பங்குகளுள் ஒன்றாக நலக்குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருத்தலைக் குறிப்பிடுகின்றது. கர்நாடகத்தின் மணிப்பால் பல்கலைக்கழகத்தில் தொழிலிடைக் கல்விக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் ஒன்று இயங்கி வந்துள்ளது.

தமிழ்நாட்டில் 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம் ஆகியவற்றின் கல்லூரிகளை ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ்க் கொண்டுவந்தது. எனினும் பாடத்திட்டங்கள் தனித்தனியானவை.

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருத்துவ அலுவலர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பர், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ்ப் பணியாற்றுகின்றனர். ஒரு கருவுற்ற தாயின் குருதிச்சோகையை முதலில் கண்டறிபவர் பெரும்பாலும் அவரது வீட்டுக்குச் செல்லும் கிராம சுகாதாரச் செவிலியரே. அத்தகவல் உரிய காலத்தில் மருத்துவரைச் சென்றடைவதும், மருத்துவர் அதனை மதித்துச் செயற்படுவதும் அத்தாயின் உயிரோடு தொடர்புடையவை. புதிதாகப் பட்டம் பெற்று இந்நிலையங்களில் பணியேற்கும் மருத்துவருக்கு, தம்மைவிடப் பல ஆண்டுகள் கூடுதல் அனுபவம் உள்ளோரைக் கொண்ட இக்குழுவை வழிநடத்தும் பொறுப்பு உடனடியாக வந்து சேர்கின்றது.